அழைத்தவர் யார், செலுத்துபவர் யார்? : தொலைபேசிக் கட்டண மோசடியின் சமூக அடித்தளம் பற்றிச் சில சிந்தனைகள்

1

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாற்றையே எழுதுகின்றனர். அக்கருவிகளைத் தவறான வழியிற் பயன்படுத்தியோரின் வரலாறு பொலிஸ் அறிக்கைகளுக்கும் பத்திரிகைப் பரபரப்புக்கும் விடப்பட்டு விடுகிறது. ஆயின், ஒரு சமுதாயத்தின் சொத்துறவுகளை அறிய விழைவோர்க்கு இரண்டாவது வரலாறு சிலவேளைகளில் முதலாவதிலும் பார்க்கப் பயன்தருவதாக அமைகிறது. எது களவெனக் கொள்ளப்படுகிறது, களவாடப்பட்டதன் பெறுமதி எவ்வாறு கணிக்கப்படுகிறது, இழப்பு யார் தலையிற் சுமத்தப்படுகிறது என்னும் வினாக்களுக்கு விடை காண முயலும்போது, சாதாரண நாட்களிற் கண்ணுக்குப் புலனாகாத உறவுகள் வெளித்தெரிகின்றன. அலுவலகத் தொலைபேசித் தொகுதிகளையும் குரலஞ்சற் பெட்டிகளையும் ஊடுருவிச் செய்யப்படும் கட்டண மோசடியை இக்கண்ணோட்டத்திலே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு சம்பவத்தை நோக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள நோர்குரொஸ் என்னும் நகரிலே, ஏழு பேர் மட்டுமே பணியாற்றிய கட்டடக்கலை நிறுவனமொன்று இருந்தது. 2014 ஆம் ஆண்டில் ஒரு வார இறுதியில், அலுவலகம் பூட்டிக்கிடந்த வேளையில், அதன் தொலைபேசித் தொகுதியினூடாகக் காம்பியா, சோமாலியா, மாலைதீவு ஆகிய நாடுகளின் எண்களுக்கு இடையறாது அழைப்புகள் சென்றன. கட்டணம் 166,000 டொலர். அந்நிறுவனத்தினர் வழமைபோற் பேசியிருப்பின் இத்தொகையை எட்டுவதற்கு 34 ஆண்டுகள் சென்றிருக்கும் என அதே ஆண்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை எழுதியது. அழைத்தவர் எவரென அந்நிறுவனத்தார்க்குத் தெரியாது. செலுத்த வேண்டியவர் யாரென்பதில் மட்டும் ஐயமிருக்கவில்லை. தொலைபேசி எண் யாருடைய பெயரில் உள்ளதோ அவரே கடனாளி.

இந்நியதி எவ்வாறு தோன்றியது? இதனாற் பயனடைவோர் யாவர்? இம்மோசடியைப் பற்றி வழங்கும் கதைகள் எவற்றை மறைக்கின்றன? இம்மூன்று வினாக்களையும் வரலாற்று முறைப்படி அணுகுவோம். அதற்கு முன்னர், மோசடி நிகழும் முறையைச் சுருக்கமாக விளக்குதல் அவசியமாகும்.

2

பல ஊழியர்கள் பணிபுரியும் அலுவலகத்திலே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வெளிக் கம்பி எடுப்பதில்லை. பீ.ஏ.பீ.எக்ஸ். எனப் பொதுவாக வழங்கும் உள்ளக இணைப்பகமொன்று நிறுவப்படுகிறது. மேசைத் தொலைபேசிகள் யாவும் அதனுடன் இணைக்கப்பட, சில வெளிக் கம்பிகளை அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். முன்னர் இவ்விணைப்புகளைச் செய்து கொடுத்தவர் பெரும்பாலும் பெண்ணான ஓர் ஊழியர். அழைப்பவரின் குரலை அறிந்தவர். அந்நியர் ஒருவர் வெளிநாட்டு இணைப்புக் கேட்டால் ஏனெனக் கேட்கக்கூடியவர். அவருடைய சம்பளத்தை மிச்சப்படுத்தும்பொருட்டு அவரது இடத்திலே தன்னியக்கக் கருவி வைக்கப்பட்டது. கருவிக்கு எண்கள் தெரியும், ஆட்களைத் தெரியாது. மோசடிக்கான வாயில் இவ்விடத்திலேயே திறக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாயில்களுள் மூன்றினைக் குறிப்பிடலாம். முதலாவது, வெளியிலிருந்து நேரடியாகத் தொகுதிக்குள் நுழையும் வசதி. பயணத்திலிருக்கும் ஊழியர் ஒருவர் அலுவலக எண்ணை அழைத்து, இரகசிய எண்ணொன்றை அழுத்தினால், அலுவலகத்துக்குள் இருப்பவரைப் போலவே வெளிக் கம்பியைப் பெற்று எங்கும் பேசலாம். இரகசிய எண்ணைக் கணினியின் துணையுடன் ஒவ்வொன்றாக முயன்று கண்டறிவோர்க்கும் அதே வசதி கிடைத்துவிடுகிறது. இரண்டாவது, குரலஞ்சல். அழைப்பவரின் செய்தியைப் பதிவுசெய்யும் இத்தொகுதி, அவர் விரும்பினால் இன்னோர் எண்ணுக்கு அவரை மாற்றியும் விடும். அவ்வெண் அலுவலகத்துள் இருக்கும் எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்ற தடை விதிக்கப்படாவிடின், மாற்றம் வெளிநாட்டுக்கும் செல்லும். குரலஞ்சற் பெட்டியின் இரகசிய எண்ணாக மேசைத் தொலைபேசியின் எண்ணையோ 1234 என்பதையோ மாற்றாது விட்டிருப்பது உலகெங்குங் காணப்படும் வழக்கமாகும். மூன்றாவது, அண்மைக் காலத்தது. தொலைபேசித் தொகுதிகள் இணையத்துடன் இணைக்கப்பட்ட பின்னர், பாதுகாப்பற்ற தொகுதிகளைத் தேடும் வேலையை உலகின் எந்த மூலையிலிருந்தும் தன்னியக்கமாகச் செய்யலாம். ஓர் எண்ணாக அழைத்துப் பார்க்கவேண்டிய தேவை இல்லை.

2002, 2003 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற் பரவிய ஒருவகை மோசடி இங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஊடுருவியோர் குரலஞ்சற் பெட்டியின் வரவேற்புச் செய்தியை அழித்து, அவ்விடத்தில் 'ஆம், ஆம், ஆம்' என்னுங் குரலைப் பதிந்து வைத்தனர். பின்னர், கட்டணத்தை அவ்வெண்ணின் உரிமையாளர் பெயரிற் பற்றெழுதுமாறு கேட்டு அழைப்பெடுத்தனர். 'இக்கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா?' எனத் தொலைபேசிக் கம்பனியின் இயந்திரம் வினவியது. 'ஆம்' என அலுவலகத்தின் இயந்திரம் விடை பகர்ந்தது. சவூதி அரேபியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளுடன் தொடர்புபட்ட அழைப்புகள் இம்முறையிற் செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இயந்திரமொன்று கேட்க, இன்னோர் இயந்திரம் உடன்பட, அவ்வுடன்பாட்டின் பயனாக மனிதரொருவர் கடனாளியாகிறார். இருபுறமும் ஊழியரை அகற்றிச் சேமித்த கூலியின் மறுபக்கம் இதுவெனலாம்.

3

தொலைபேசி வலையமைப்பை ஏமாற்றும் முயற்சி அலுவலகத் தொகுதிகளுடன் தொடங்கியதன்று. அமெரிக்காவிலே பெல் கம்பனி ஏகபோகமாயிருந்த காலத்தில், தொலைதூரக் கம்பிகளைக் கட்டுப்படுத்தும் சைகைகள் பேச்சுக் கேட்கும் அதே கம்பியிலே ஒலிகளாக அனுப்பப்பட்டன. 2600 ஹேர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஓர் ஒலி, கம்பி வெறுமையாயுள்ளது என்பதைக் குறித்தது. ஏனைய ஒலிகளின் விபரங்களைக் கம்பனியின் தொழினுட்பச் சஞ்சிகையே 1960 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வொலிகளை எழுப்பவல்ல நீலப் பெட்டி எனப்பட்ட சிறு கருவியைக் கொண்டு இளைஞர் சிலர் கட்டணமின்றி உலகெங்கும் பேசினர். பார்வையற்ற இளைஞர்களும் அவர்களுட் சிலர். வாயாற் சீழ்க்கையடித்தே அவ்வொலியை எழுப்பக்கூடியவர் ஒருவரும் அவர்களிடையே இருந்தார். 1971 ஒக்ரோபரில் 'எஸ்குவயர்' சஞ்சிகையில் ரோன் றோசன்பாம் எழுதிய நீண்ட கட்டுரை இவர்களைப் பரந்த வாசகருக்கு அறிமுகஞ் செய்தது.

அதே 1971 இல் இதற்கோர் அரசியற் பரிமாணமும் உண்டாயிற்று. வியற்நாம் யுத்தச் செலவுக்கென 1966 இல் தொலைபேசிக் கட்டணத்தின்மீது பத்து வீத வரி விதிக்கப்பட்டிருந்தது. யுத்த எதிர்ப்பாளர் பலர் அவ்வரியைச் செலுத்த மறுத்தனர். இளைஞர் சர்வதேசக் கட்சியினர் வெளியிட்ட செய்தித்தாளொன்று இம்மறுப்பையும் கட்டணமின்றிப் பேசும் வழிகளையும் ஒருங்கே பிரசாரஞ் செய்தது. ஏகபோகக் கம்பனி, ஏகாதிபத்திய யுத்தம் ஆகிய இரண்டையும் ஒரே கம்பியில் எதிர்ப்பதாக அவர்கள் கருதினர்.

வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம் 1959 இலும் 1969 இலும் வெளியிட்ட தமது நூல்களிலே சமூகக் கொள்ளையர் என்னுங் கருத்தினை விளக்கினார். சட்டத்தின் பார்வையிற் குற்றவாளியாகவும் குடியானவரின் பார்வையில் வீரனாகவும் விளங்கும் பாத்திரம் அது. எஸ்குவயர் கட்டுரையும் அதன் வழிவந்த கதைகளும் தொலைபேசி இளைஞரை ஏறத்தாழ இவ்வச்சிலேயே வார்த்தன. தனியொரு கெட்டிக்காரன், முகமற்ற பெருநிறுவனம், நுண்ணறிவினாற் பெற்ற வெற்றி என்பனவே இக்கதைகளின் கூறுகள். 1983 இல் வெளிவந்த 'வோர் கேம்ஸ்' திரைப்படம் இவ்வச்சை உலகெங்கும் பரப்பியது. இலக்கிய மாணவர் இவ்விடத்திற் கேட்கவேண்டிய கேள்வியொன்றுண்டு. கதையின் அமைப்பு மாறாதிருக்க, கதைக்கு அடிப்படையான உறவுகள் மாறிவிட்டால் என்ன நிகழும்? பழைய வீரனின் உடையைப் புதிய வணிகன் அணிந்துகொள்வான். 1980 களின் பின்னர் நிகழ்ந்தது இதுவேயாகும்.

4

சைகைகளைப் பேச்சுக் கம்பியிலிருந்து பிரித்துத் தனிவழியில் அனுப்பும் முறை 1976 முதல் அமெரிக்காவிற் புகுத்தப்பட்டது. அது பரவப் பரவ நீலப் பெட்டி பயனிழந்தது. 1984 ஜனவரி 1 ஆந் திகதி பெல் ஏகபோகம் உடைக்கப்பட்டது. கம்பனிகள் போட்டியிட்டன; அலுவலகங்கள் தத்தம் இணைப்பகங்களைத் தாமே வாங்கின. இதனால் ஏற்பட்ட முக்கியமான மாற்றமொன்று அக்காலத்திற் பலராலும் உணரப்படவில்லை. நீலப் பெட்டிக் காலத்தில் ஏமாற்றப்பட்டது வலையமைப்பு. இழப்பும் அதன் உரிமையாளருடையது. உள்ளக இணைப்பகத்தை ஊடுருவும்போது ஏமாற்றப்படுவது வாடிக்கையாளர். வலையமைப்போ அழைப்பைச் செவ்வனே கொண்டு சென்று, அதற்கான பற்றுச்சீட்டையும் அனுப்பிவிடுகிறது.

மோசடியின் சமூக இயல்பும் மாறியது. நியூயோர்க் போன்ற நகரங்களிலே பொதுத் தொலைபேசிகளின் அருகே நின்று, ஊடுருவப்பட்ட தொகுதிகளினூடாக வெளிநாட்டு அழைப்புகளை விற்கும் தொழில் 1980 களின் பிற்பகுதியில் வளர்ந்தது. வாடிக்கையாளர் பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்து குடியேறிய உழைப்பாளிகள். சட்டப்படியான கட்டணம் அவர்களது மணிக்கூலிக்கு எட்டாததாயிருந்தது. கடல் கடந்திருக்கும் உறவினரின் குரலுக்காக நிமிடக் கணக்கிற் பணம் எண்ணிய அநுபவம் எமது வாசகர்க்கும் அந்நியமானதன்று. இவ்வழைப்பாளர் திருடரல்லர், தமது தேவைக்கும் விலைக்கும் இடையிலிருந்த இடைவெளியிலே இன்னொருவர் அமைத்த கடையில் வாங்கியவர்கள்.

பணத்தை யார் செலுத்துவது என்னும் பிரச்சினை நீதிமன்றங்களுக்குச் சென்றது. 1991 இல் மிற்சுபிஷி நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, ஏறத்தாழ 430,000 டொலர் பெறுமதியான மோசடி அழைப்புகள் தொடர்பாக ஏ.ரி. அன்ட் ரி. கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. இணைப்பகத்தை விற்ற கம்பனியும் அழைப்புக்குக் கட்டணம் கேட்ட கம்பனியும் ஒன்றே என்பது இவ்வழக்கிற் கவனிக்கத்தக்கது. 1993 இல் ஜிஃபி லூப் என்னும் வாகனப் பராமரிப்பு நிறுவனத்துக்கு எதிராகவும், நியூயோர்க் மாநகரின் மனிதவள நிர்வாகத் திணைக்களத்துக்கு எதிராகவும் தீர்ப்புகள் வந்தன. பின்னையது வறியோர்க்கு உதவிப்பணம் வழங்கும் நகராட்சித் திணைக்களம். வறியோருக்கான பொதுப்பணத்தைக் கையாளும் திணைக்களம், தான் பேசாத அழைப்புகளுக்காக உலகின் மிகப் பெரிய தொலைபேசிக் கம்பனிகளுள் ஒன்றுக்குக் கடன்பட்டது எனத் தீர்க்கப்பட்டது.

இத்தீர்ப்புகளின் சட்ட அடிப்படை எளிமையானது. 1934 ஆம் ஆண்டின் தொடர்பாடற் சட்டத்தின்கீழ்க் கம்பனிகள் தமது கட்டண விதிகளை மத்திய ஆணைக்குழுவிற் பதிவுசெய்தன. பதிவான விதி சட்டத்துக்கு நிகரான வலுவுடையது. வாடிக்கையாளரின் எண்ணிலிருந்து புறப்படும் அழைப்புகள் யாவற்றுக்கும் அவரே பொறுப்பு என்பது அவ்விதிகளுள் ஒன்று. விதியை எழுதியவர் கம்பனியார். அதனை வாசித்தறியும் கடப்பாடு வாடிக்கையாளருடையது. 1993 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆணைக்குழு, கம்பனி, கருவி உற்பத்தியாளர், வாடிக்கையாளர் ஆகியோரிடையே பொறுப்பைப் பங்கிடுவது பற்றிய யோசனையை ஆராய முற்பட்டது. ஆயினும், இருபது ஆண்டுகளின் பின்னர் நோர்குரொஸ் நிறுவனம் தனது பற்றுச்சீட்டைப் பெற்றபோது, அதற்குக் கைகொடுக்கும் பாதுகாப்பு விதியெதுவும் இருக்கவில்லை.

இது தவிர்க்கமுடியாத ஏற்பாடா? அன்று என்பதற்கு அதே நாட்டின் சட்டமே சான்று. திருடப்பட்ட கடனட்டையினால் ஏற்படும் இழப்பில் அட்டைக்காரரின் பொறுப்பு 50 டொலருக்கு மேற்படலாகாது என 1970 ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றப்பட்டது. இழப்பு வங்கிகளின் தலையில் விழுந்தமையால், மோசடியைக் கண்டறியும் முறைகளை வளர்ப்பதில் அவை பெருமுயற்சி எடுத்தன. தொலைபேசித் துறையில் இழப்பு வாடிக்கையாளர்மீது விழுந்தமையால் அத்தகைய அவசரம் எழவில்லை. தொழினுட்ப வளர்ச்சியின் திசையையும் வேகத்தையும் சொத்துறவுகள் நிர்ணயிக்கின்றன என்பதற்கு இதனிலுந் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

5

இன்று இம்மோசடி புதிய கட்டத்தை அடைந்துள்ளது. முன்னர் பேசுவதற்காக நிமிடங்கள் திருடப்பட்டன. இப்பொழுது நிமிடங்களே திருட்டின் குறிக்கோள். அழைப்பிற் பேச்சென்று ஒன்று இருக்கவேண்டியதில்லை. இதனை விளங்கிக்கொள்வதற்குச் சர்வதேச அழைப்பின் வருமானம் பங்கிடப்படும் முறையை அறிதல் வேண்டும்.

அழைப்புப் புறப்படும் நாட்டின் கம்பனி, அதனைக் கொண்டுசெல்லும் இடைக் கம்பனிகளுக்கும் அழைப்பு முடிவடையும் நாட்டின் கம்பனிக்கும் நிமிடத்துக்கு இவ்வளவு எனப் பணம் செலுத்துகிறது. 1990 களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கம்பனிகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐயாயிரம் மில்லியன் டொலரை இவ்வகையிற் பிற நாடுகளுக்குத் தேறிய தொகையாகச் செலுத்தின. வளர்முக நாடுகள் பலவற்றின் தொலைபேசித் திணைக்களங்களுக்கு இது முக்கியமான அந்நியச் செலாவணி ஊற்று. 1997 இல் அமெரிக்க ஆணைக்குழு இக்கொடுப்பனவுக்கு உச்சவரம்பு விதித்தது. செல்வ நாடுகளுக்கு நிமிடத்துக்கு 15 சதம், நடுத்தர வருமான நாடுகளுக்கு 19 சதம், வறிய நாடுகளுக்கு 23 சதம் என்பது அதன் அளவு. கொடுப்பனவு வீழ்ந்தபோதும், சில வறிய நாடுகளுக்கும் சிறு தீவுகளுக்குமான அழைப்பு விலை ஒப்பீட்டளவில் உயர்வாகவே இருந்துவந்தது.

மோசடிக்காரர் இவ்வேறுபாட்டையே பயன்படுத்துகின்றனர். நிமிடத்துக்கு இவ்வளவு பங்கு தருவதாகக் கூறும் இடைத்தரகரிடமிருந்து உயர்கட்டண எண்களை வாடகைக்குப் பெறுகின்றனர். ஊடுருவிய அலுவலகத் தொகுதியைக் கொண்டு அவ்வெண்களை இரவு முழுவதும் அழைக்கின்றனர். கட்டணம் கம்பனி கம்பனியாகக் கைமாறி, ஒவ்வொரு படியிலுஞ் சிறிது கழிக்கப்பட்டு, இறுதிப் பங்கு அவர்களை வந்தடைகிறது. அலுவலகத்தார் பற்றுச்சீட்டைக் காணும் முன்னரே பணம் கைமாறியிருத்தலும் உண்டு. பல சந்தர்ப்பங்களில் அழைப்பு அந்நாட்டைச் சென்றடைவதேயில்லை. இடைவழியிலேயே நிறுத்தப்பட்டு விடுகிறது. 1997 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தொடர்ந்த வழக்கொன்று இதனை வெளிப்படுத்தியது. கணினிகளை இரகசியமாக மொல்டோவா நாட்டின் எண்களுக்கு அழைக்கச் செய்த மோசடி அது. கட்டணம் மொல்டோவாவுக்குரியது, அழைப்புகளோ கனடாவிலே முடிவடைந்தன. வறிய நாட்டின் பெயர் விலைச்சீட்டாகப் பயன்படுகிறது. அந்நாட்டு மக்கள் அதனால் அடையும் பயன் எதுவுமில்லை.

இத்தொழிலின் உள்ளமைப்பும் ஆராயத்தக்கது. 2009 ஜூனில் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளிப்படுத்திய குற்றப்பத்திரிகையின்படி, பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்தோர் 2,500 இற்கு மேற்பட்ட நிறுவனங்களின் இணைப்பகங்களை ஊடுருவினர். இத்தாலியில் அழைப்பு நிலையங்களை நடத்தியோர் அவற்றை வாங்கினர். ஏறத்தாழ 12 மில்லியன் நிமிடங்கள், 55 மில்லியன் டொலர் எனக் கணக்கிடப்பட்டது. ஊடுருவியோர்க்குத் தொகுதியொன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 100 டொலர். பெருக்கிப் பார்ப்பின் மொத்தம் இரண்டரை இலட்சம் டொலர். கணக்கிடப்பட்ட பெறுமதியில் அரை வீதத்தளவும் இல்லை. நுண்ணறிவினாற் பெருநிறுவனத்தை வென்ற வீரன் என்று கதைகள் வருணிக்கும் மனிதன், இங்கே பீஸ்வீதக் கூலிக்கு வேலைசெய்யும் மூன்றாம் உலகத் தொழிலாளியாகக் காட்சியளிக்கிறான்.

55 மில்லியன் என்னுந் தொகையையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் தகாது. மூலதனத்தின் இரண்டாந் தொகுதியிலே மார்க்ஸ் போக்குவரத்து, தொடர்புத் துறைகளின் தனியியல்பைச் சுட்டிக்காட்டினார். அவற்றின் விளைபொருள் உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்பட்டு விடுகிறது; களஞ்சியத்திற் சேமித்துவைக்கத்தக்க பண்டம் எதுவுமில்லை. ஞாயிறு இரவில் வெறுமையாய்க் கிடந்த கம்பியிற் சென்ற அழைப்புக்கு, வலையமைப்பின் உரிமையாளர்க்கு ஏற்படும் மேலதிகச் செலவு மிகச் சொற்பம். முதற் கம்பனி ஏனைய கம்பனிகளுக்குக் கொடுப்பனவு செய்ய வேண்டியுள்ளது என்பதும், சிறிய கம்பனிகள் இதனால் மெய்யாகவே நட்டமடைவதுண்டு என்பதும் உண்மையே. ஆயின், வாடிக்கையாளரிடம் கேட்கப்படுவது அக்கொடுப்பனவன்று. இலாபமும் உள்ளடங்கிய முழு விற்பனை விலை. இழப்பின் கணக்கு எவ்வளவு நெகிழ்ச்சியானது என்பதற்கு 1990 ஆம் ஆண்டின் வழக்கொன்று சான்றாகும். தொலைபேசிக் கம்பனியொன்றின் ஆவணத்தைப் பிரசுரித்த இளைஞர்மீது சிக்காகோவில் வழக்குத் தொடரப்பட்டது. ஆவணத்தின் பெறுமதி 79,449 டொலர் எனக் கம்பனி மதிப்பிட்டிருந்தது. அதிலடங்கிய விபரங்களை எவரும் 13 டொலருக்கு வாங்கலாம் என்பது விசாரணையில் வெளிப்பட, அரசு வழக்கைக் கைவிட்டது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, தொலைபேசிக் கட்டண மோசடி வலையமைப்பு வணிகத்துக்குப் புறம்பான ஒன்றன்று. அவ்வணிகத்தின் கட்டண விதிகள், பங்கீட்டு முறை, கூலிச் சிக்கனம் ஆகியவற்றின் மீதே அது வாழ்கிறது. இரண்டாவதாக, இழப்பைத் தாங்குவோர் அதனைத் தடுக்க மிகக் குறைந்த ஆற்றலுடையோர். ஒரே இரவில் ஓர் அலுவலகத்திலிருந்து சோமாலியாவுக்கு ஆயிரக்கணக்கான நிமிடங்கள் செல்வதை முதலிற் காணக்கூடியது கம்பனி. அதற்காகத் தண்டிக்கப்படுவது வாடிக்கையாளர். மூன்றாவதாக, முற்போக்காளர் சிலரிடையே இன்றும் நிலவும் ஓர் அநுதாபம் மறுபரிசீலனைக்குரியது. ஏகபோகத்தை ஏமாற்றுவது எதிர்ப்பின் ஒரு வடிவம் என்னுங் கருத்து 1971 இல் ஓரளவு பொருளுடையதாயிருந்தது. இன்றைய மோசடி ஏகபோகத்தைத் தீண்டுவதில்லை. அது ஏழு பேர் வேலைசெய்யும் அலுவலகத்திலிருந்து பணத்தை எடுத்து, பெரிய கம்பனிகளுக்கு வழியிற் பங்கு கொடுத்துச் செல்கிறது.

நடைமுறையிற் செய்யத்தக்கவை தெளிவானவை. குரலஞ்சற் பெட்டிகளின் இரகசிய எண்களை மாற்றுதல், தேவையற்ற நாடுகளுக்கான அழைப்பையும் வெளி மாற்றத்தையும் நிறுத்துதல், இரவிலும் விடுமுறையிலும் வெளிநாட்டுக் கம்பியை மூடுதல் ஆகியன ஒவ்வோர் அலுவலகமும் ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கக்கூடியவை. ஆயினும், இவ்வறிவுரையோடு நின்றுவிடுவது, பூட்டாதவனே குற்றவாளி என்னுங் கம்பனி விதியை ஏற்றுக்கொள்வதாகவே முடியும். கடனட்டைக்கு உள்ளது போன்ற பொறுப்பு வரம்பும், ஐயத்துக்குரிய அழைப்புகளுக்கான கொடுப்பனவை விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கும் கடப்பாடும் சட்டமாக்கப்படல் வேண்டும். இழப்பு எவரைச் சாருமோ அவரே விழித்திருப்பார். விழித்திருக்க வல்லவர்மீது இழப்பைச் சார்த்துவதே இப்பிரச்சினையின் தீர்வுக்கு முதற்படியாகும்.